ஹாரியட் டப்மனின் கொடிவழி: உடைமைப் பத்திரங்களிலிருந்து உறவுகளை மீட்டல்



ஹாரியட் டப்மன் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் அவரைத் தனியொரு வீராங்கனையாகவே அறிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர்; 1849-இல் தப்பிச் சென்று பென்சில்வேனியாவை அடைந்தவர்; அடைந்த விடுதலையோடு நின்றுவிடாமல் அடிமை மண்ணுக்குள் மீண்டும் மீண்டும் நுழைந்து பலரை மீட்டவர். உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படைக்கு ஒற்றராகவும் செவிலியாகவும் உழைத்தார். 1863 ஜூனில் தென் கரோலைனாவின் கோம்பஹி ஆற்றில் நடந்த படையெடுப்பில் 700-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற அவர் திரட்டிய உளவுச் செய்திகள் உதவின. 1913 மார்ச் 10 அன்று நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரில் அவர் மறைந்தார். இந்தச் செயல்களெல்லாம் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகின்றன. அவருடைய தாய் யார், பாட்டி யார், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளோ வாழ்க்கை வரலாற்றின் முதல் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும் செய்திகளாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. அந்தக் கருத்தை மறுப்பதே இந்த உரையின் நோக்கம். டப்மனின் செயல்களுக்குத் திறவுகோல் அவருடைய கொடிவழியில்தான் இருக்கிறது. அந்தக் கொடிவழியை, அவரை உடைமையாகக் கருதியவர்கள் எழுதிய பத்திரங்களையும் அவரும் அவருடைய உறவினரும் சொல்லிச்சென்ற நினைவுகளையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, சான்று நிற்கும் அளவுக்கு நம்மால் நிறுவ முடியும்.

முதலில், இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் குடும்பத்தைத் தேடுவது ஏன் கடினம் என்று பார்க்க வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதிவாயிற்று. மனைவியும் மக்களும் வயதுவாரி எண்ணிக்கையாக மட்டும் இருந்தார்கள். 1850 முதல் சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அடிமைகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் பெரும்பாலும் வயது, பால், நிறம் போன்ற விவரங்களே வரிசையாக இருக்கும். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எல்லோரும் பெயரோடு பதிவான முதல் கணக்கெடுப்பு 1870-இல்தான் வந்தது. இதற்குச் சட்டம் சேர்த்த சிக்கல் இன்னொன்று. குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பின்பற்றும் என்பது அடிமைச் சட்டத்தின் அடிப்படை. யார் வயிற்றில் பிறந்தது என்பதே அந்தக் குழந்தை யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானித்தது. இதனால் ஒரு விந்தையான நிலை உருவானது. சுதந்திரக் குடும்பங்களில் திருமணத்தோடு தாய்வழிப் பெயர் ஆவணத்திலிருந்து மறைந்துபோகிறது. அடிமைக் குடும்பங்களில் தாய்வழி ஒரு சொத்துக் கணக்காகக் காக்கப்பட்டு, தந்தைவழி மறைகிறது. டப்மனின் கொடிவழியில் தாயின் பக்கம் மூன்று தலைமுறைக்கு நீள்வதற்கும், தந்தையின் பக்கம் தந்தையோடு நின்றுவிடுவதற்கும் காரணம் இதுதான்.

தேடல் தொடங்க வேண்டிய இடம் டப்மனின் பிறப்பு அன்று. ஒரு பண்ணையாரின் உயில். மேரிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள டார்செஸ்டர் கவுண்டியைச் சேர்ந்த ஆத்தோ பாட்டிசன் 1797-இல் இறந்தபோது, தம் பேத்தி மேரிக்கு ரிட் என்ற சிறுமியை எழுதிவைத்தார். ரிட்டும் அவளுக்குப் பிறக்கும் குழந்தைகளும் 45 வயது வரை மட்டுமே அடிமைகளாக இருக்க வேண்டும் என்ற வரம்பும் அந்த உயிலில் இருந்தது. இந்த ரிட்தான் டப்மனின் தாய் ஹாரியட் கிரீன். ரிட்டின் தாய் மாடஸ்டி. அவர் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. ஆக, ஒரு சொத்துப் பங்கீட்டுக்காக எழுதப்பட்ட தாள் ஒரு சிறுமியின் பெயரையும், அவள் எந்தக் குடும்பத்தின் பிடியில் இருந்தாள் என்பதையும், இன்னும் பிறக்காத அவள் குழந்தைகளுக்குச் சட்டப்படி என்ன உரிமை உண்டு என்பதையும் நமக்குத் தந்துவிடுகிறது. இந்த 45 வயது வரம்பைக் கேட்பவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் அநீதியும் வழக்கும் ஆவணங்களும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பேத்தி மேரி பாட்டிசன் 1800-இல் ஜோசப் பிராடஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு எட்வர்ட் என்ற மகன் பிறந்தான். கணவர் விரைவிலேயே இறந்துவிட, மேரி 1803-இல் அந்தோணி தாம்சனை மறுமணம் செய்துகொண்டார். தாம்சனின் நிலத்தில் மரம் வெட்டுதலில் தேர்ந்த பென் ராஸ் என்ற அடிமை இருந்தார். இரு உடைமையாளர்களின் திருமணம் இரு பண்ணைகளை ஒன்றாக்கியது. அதனால் ரிட்டும் பென்னும் சந்தித்து, ஏறத்தாழ 1808-இல் இணைந்து வாழத் தொடங்கினார்கள். லைனா, மரையா ரிட்டி, சோஃப், ராபர்ட், அரமிண்டா, பென், ரேச்சல், ஹென்றி, மோசஸ் என ஒன்பது மக்கள் பிறந்தனர். ஐந்தாவதாகப் பிறந்த அரமிண்டா, வீட்டில் மிண்டி. அவரே பின்னாளில் ஹாரியட் டப்மன். மேரி இறந்த பிறகு எட்வர்ட் சட்டப்படி உரிய வயதை அடைந்ததும் தன் பங்கை எடுத்துக்கொண்டு பக்டவுனுக்குக் குடிபெயர்ந்தான். அவனுடைய பங்கில் ரிட்டும் குழந்தைகளும் இருந்தார்கள். பென் தாம்சனிடமே தங்க நேர்ந்தது. உடைமையாளர் வீட்டில் நடந்த ஒவ்வொரு திருமணமும் மரணமும் பாகப்பிரிவினையும் அடிமைக் குடும்பத்தைச் சேர்த்தும் பிரித்தும் போட்டன. அதனால்தான் டப்மனின் குடும்பத்தைத் தேடுபவர் பாட்டிசன், பிராடஸ், தாம்சன் ஆகிய மூன்று வெள்ளையர் குடும்பங்களின் வரலாற்றையும் முழுமையாகக் கற்க வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்குச் சிறப்புச் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆவணம் அவர்கள் பெயரில் அடுக்கப்பட்டிருக்கிறது. வேறு வாசல் இல்லை.

சான்றுகளை உரசிப் பார்க்கும் முறை எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு டப்மனின் பிறந்த ஆண்டு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய இறப்புச் சான்றிதழ் 1815 என்கிறது. கல்லறைக் கல் ஏறத்தாழ 1820 என்கிறது. போர்வீரரின் விதவை என்ற முறையில் ஓய்வூதியம் கேட்டபோது அவரே 1820, 1822, 1825 என வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார். பிறந்த நாளை எழுதிவைக்கும் உரிமை மறுக்கப்பட்டவர்களுக்கு இது இயல்பானது. இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவை ஒன்றையொன்று அறியாத இரு ஆவணங்கள். எட்வர்ட் சிறுவனாக இருந்தபோது காப்பாளராக இருந்த தாம்சன் செலவுக் கணக்கு எழுதிவந்தார். அதில் 1822 மார்ச் 15 அன்று ரிட்டின் பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கு இரண்டு டாலர் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. மற்றொன்று, 1849 அக்டோபர் 3 என்ற தேதியோடு எட்வர்டின் விதவை எலைசா பிராடஸ் கொடுத்த விளம்பரம். மிண்டி, ஹாரி (ஹென்றி), பென் என்ற மூவரைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு அறிவிக்கும் அந்த விளம்பரம் மிண்டிக்கு ஏறத்தாழ 27 வயது என்கிறது. 1849-இலிருந்து 27-ஐக் கழித்தால் 1822. மருத்துவச்சியின் கூலி வேறொரு குழந்தைக்கானதாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். அதே விளம்பரத்தில் பென்னின் வயது 25 என்று இருப்பதால் அவன் இரண்டாண்டு இளையவன். ராபர்ட் 1816-ஐ ஒட்டிப் பிறந்தவன். 1822-இல் நிற்கக்கூடியவர் மிண்டி ஒருவரே. வரலாற்றாசிரியர் கேட் கிளிஃபோர்ட் லார்சன் 2004-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இந்த ஆண்டை இவ்வாறு நிறுவினார். செலவைக் குறித்தவருக்கும் விளம்பரம் எழுதியவருக்கும் இடையே 27 ஆண்டு இடைவெளி. இருவருக்கும் இந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. அக்கறையற்ற இரண்டு சாட்சிகள் ஒத்துச்சொல்வதற்கு எடை அதிகம்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். உயிலும் செலவுக் கணக்கும் ஏல அறிவிப்பும் மனிதரைப் பொருளாகக் கண்டவர்களின் எழுத்து. அவற்றை நம்பி ஒரு பெண்ணின் குடும்பத்தை எழுதுவது அந்தப் பார்வையையே நீட்டிப்பதாகாதா? இந்தக் கேள்வியின் அறம் மதிக்கத்தக்கது. ஆனால் ஆவணத்தைப் பயன்படுத்துவது வேறு, அதன் சொல்லை அப்படியே ஏற்பது வேறு. ஒவ்வொரு தாளிலும் எழுதியவருக்கு எந்த இடத்தில் ஆதாயம் இருந்தது, எங்கே இல்லை என்று முதலில் கேட்க வேண்டும். மருத்துவச்சியின் கூலியை எழுதியதில் பிறந்த நாளைப் பொய்யாக்கும் நோக்கம் எதுவும் இல்லை. ரிட்டின் வயதைப் பற்றி பிராடஸ் குடும்பத்தார் சொல்வதை அப்படி ஏற்க முடியாது; 45 வயது வரம்பு இருந்ததால் வயதைக் குறைத்துச் சொல்வது அவர்களுக்கு ஆதாயம். எட்வர்ட் பிராடஸ் லைனா, மரையா ரிட்டி, சோஃப் ஆகிய மூன்று பெண்களையும் மாநிலத்துக்கு வெளியே விற்றான். காலவரம்புக்கு உட்பட்ட அடிமைகளை அப்படி விற்பதை மேரிலாந்தின் சட்டமே தடுத்திருந்தது. உயிலைப் படித்தவர்களுக்குத்தான் அந்த விற்பனை உடைமையாளரின் சட்டப்படியே குற்றம் என்பது தெரியும். ஆவணத்தை ஒதுக்கிவைத்திருந்தால் இந்தக் குற்றம் நிரூபணமாகியிருக்காது. பொய் சொன்னவர்களின் தாளே அவர்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது.

இந்த உண்மையை முதலில் தேடிக் கண்டவர் வரலாற்றாசிரியர் அல்லர், டப்மனே. எழுதப் படிக்கத் தெரியாத அவர், தப்பிச் செல்வதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வழக்கறிஞருக்கு ஐந்து டாலர் கொடுத்துத் தம் தாயின் பழைய உடைமையாளர் எழுதிய உயிலைத் தேடச் சொன்னார். பழைய பதிவுகளைப் புரட்டிய வழக்கறிஞர், ரிட் 45 வயதில் விடுதலை பெற்றிருக்க வேண்டியவர் என்ற செய்தியோடு வந்தார். அதாவது 1830-களின் நடுப்பகுதிக்குள்ளேயே தாய்க்கு வரவேண்டிய விடுதலை மறைக்கப்பட்டிருந்தது. தந்தை பென் ராஸுக்கு நடந்தது வேறு. 1836-இல் இறந்த அந்தோணி தாம்சன் தம் உயிலில் அவருக்கு விடுதலையும் வாழ்நாளுக்குப் பத்து ஏக்கர் நில அனுபவமும் எழுதியிருந்தார். 1840-இல் அவர் விடுதலை பெற்றார். கணவர் சுதந்திர மனிதர், மனைவி அடிமை. 1855-இல் எலைசா பிராடஸிடமிருந்து தம் மனைவியை இருபது டாலர் கொடுத்து அவர் வாங்கவேண்டி வந்தது. அந்தப் பத்து ஏக்கரைப் பற்றிய உயில் வாசகம் பின்னொரு தேடலுக்கும் வழிகாட்டியது. 2021 ஏப்ரலில் மேரிலாந்து அரசின் தொல்லியலாளர் ஜூலி ஷாப்லிட்ஸ்கியின் குழு பிளாக்வாட்டர் வனவிலங்குக் காப்பகப் பகுதியில் பென் ராஸின் குடிசை இருந்த இடத்தைக் கண்டதாக அறிவித்தது. அங்கே கிடைத்தவற்றுள் 1808-ஆம் ஆண்டு நாணயமும் ஒன்று.

இவ்வளவு செய்தியும் நம்மை வந்தடைந்தது எப்படி? 1852-இல் டார்செஸ்டர் கவுண்டி நீதிமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. பல ஆவணங்கள் அழிந்தன. ஆனால் 1849 மார்ச்சில் எட்வர்ட் பிராடஸ் இறந்ததைத் தொடர்ந்து, பாட்டிசன் வாரிசுகளுக்கும் எலைசாவுக்கும் இடையே ரிட்டும் அவர் மக்களும் யாருக்குச் சேர வேண்டும் என்ற வழக்கு எழுந்திருந்தது. 45 வயதுக்குப் பின் அவர்களுடைய உழைப்பும் விலையும் தங்களுக்கே திரும்ப வேண்டும் என்பது பாட்டிசன் வாரிசுகளின் வாதம். விடுதலை என்ற சொல்லுக்கே அந்த வாதத்தில் இடமில்லை. தீக்குப் பின் வழக்கு மீண்டும் நடத்தப்பட்டதால் அக்கம்பக்கத்தார் நீதிமன்றத்துக்கு முன் தாங்கள் அறிந்ததைச் சொல்லவேண்டி வந்தது. யார் ரிட்டின் மகள், எப்போது விற்கப்பட்டாள், யார் உயிரோடிருக்கிறார் என்றெல்லாம் வாக்குமூலங்கள் பதிவாயின. சொத்தாசை கொண்ட இரு தரப்பாரின் சண்டை, அடிமைக் குடும்பமொன்றின் உறவுமுறையைச் சாட்சிகளோடு எழுதிவைத்துவிட்டது. இன்று நம்மிடமுள்ள ஒன்பது மக்களின் பட்டியல் பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். ஆவணம் இவ்வளவு தருமானால் வாய்மொழி எதற்கு? டப்மனின் சொற்களைக் கேட்டு சாரா பிராட்ஃபோர்ட் 1869-இலும் 1886-இலும் வெளியிட்ட நூல்களில் மிகைகள் உண்டு. வயது முதிர்ந்தவரின் நினைவு பிறழும். எனவே தாளை மட்டும் நம்புவோம் என்பர் சிலர். இதற்கு விடை உயில் விவகாரத்திலேயே இருக்கிறது. படிக்கத் தெரியாத ஒரு பெண் 45 என்ற எண்ணையும், வழக்கறிஞர் பழைய உயிலைத் தேடிய செய்தியையும் நினைவிலிருந்து சொன்னார். பின்னாளில் ஆவணம் அதை உறுதிசெய்தது. சகோதரிகள் சங்கிலியில் கொண்டுபோகப்பட்டதைச் சொன்னார். விற்பனையை ஆவணம் காட்டியது. வாய்மொழி முதலில் வந்தது. எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று ஆய்வாளருக்குக் காட்டியதும் அதுதான். ஆவணம் ஒருநாளும் பதிவுசெய்யாதவையும் வாய்மொழியில் இருக்கின்றன. கடைசி மகன் மோசஸை விற்க எட்வர்ட் முயன்றபோது ரிட் அவனை ஒரு மாதம் வரை ஒளித்துவைத்து, வீட்டுக்குள் நுழைபவனின் தலையைப் பிளப்பேன் என்று எதிர்த்து நின்றார், விற்பனை கைவிடப்பட்டது. நடக்காத விற்பனைக்கு ரசீது இருக்காது. அந்த எதிர்ப்பைப் பார்த்து வளர்ந்த மகள் பின்னாளில் செய்தவற்றுக்கு இதைவிடத் தெளிவான முன்வரலாறு எங்கே கிடைக்கும்?

இனி என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். கொடிவழியைக் கையில் வைத்துக்கொண்டு டப்மனின் பயணங்களைப் படித்தால், அவை அந்தக் கொடியின் கிளைகளைத் தொடர்ந்து செல்வது புலப்படும். 1850 டிசம்பரில் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர நீதிமன்ற வாசலில் கெசையா பௌலி என்ற பெண்ணும் அவருடைய இரு குழந்தைகளும் ஏலத்துக்கு நிறுத்தப்பட்டார்கள். சுதந்திர மனிதரான கணவர் ஜான் பௌலி தாமே ஏலம் கேட்டு, பணம் கேட்கப்படும் முன் அவர்களை அகற்றிப் படகில் பால்டிமோருக்குக் கொண்டுசேர்க்க, டப்மன் அங்கிருந்து அவர்களை அழைத்துச் சென்றார். கெசையா, விற்கப்பட்ட மூத்த அக்கா லைனாவின் மகள். அவருடைய கைக்குழந்தையின் பெயர் அரமிண்டா. இதை அறியாதவருக்கு அது ஒரு துணிகர மீட்பு. அறிந்தவருக்கு அது காப்பாற்ற முடியாமல் போன அக்காவின் மகளை மீட்ட செயல். 1854 கிறிஸ்துமஸ் நாளில், மறுநாள் விற்கப்பட இருந்த ராபர்ட், பென், ஹென்றி ஆகிய மூன்று சகோதரர்களை அவர் அழைத்துச் சென்றார். பாப்லர் நெக் என்ற இடத்தில் ஒளிந்திருந்த பிள்ளைகளுக்கு உணவு கொண்டுவந்த பென் ராஸ், பின்னர் விசாரித்தால் மகன்களைக் கண்ணால் பார்க்கவில்லை என்று உண்மையாகச் சொல்வதற்காகத் தம் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டார். 1857-இல் பெற்றோர் இருவரும் கனடாவின் செயின்ட் கேதரின்ஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தங்கை ரேச்சலையும் அவருடைய இரு குழந்தைகளையும் மீட்பதற்காக டப்மன் பல ஆண்டுகள் முயன்றார். 1860-இன் இறுதியில் கடைசிப் பயணம் வந்தபோது ரேச்சல் இறந்துவிட்டிருந்தார், குழந்தைகளை மீட்க முடியவில்லை. அந்தப் பயணத்தோடு அவருடைய மேரிலாந்துப் பயணங்கள் முடிந்தன. மீட்கக்கூடிய உடன்பிறந்தவர் எவரும் அங்கே எஞ்சவில்லை என்பதைக் கொடிவழியே காட்டுகிறது.

தப்பி வந்தவர்கள் புதுப் பெயர் பூண்டது இந்தத் தேடலில் இன்னொரு தடை. மூன்று சகோதரர்களும் ராஸ் என்ற பெயரை விட்டு ஸ்டூவர்ட் ஆனார்கள். ராபர்ட் ஜான் ஸ்டூவர்ட் என்றும், பென் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்றும், ஹென்றி வில்லியம் ஹென்றி ஸ்டூவர்ட் என்றும் வாழ்ந்தார்கள். இந்த மாற்றத்தை நாம் அறிய முடிவது ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினத் தலைவர் வருவோரின் பழைய பெயர், புதுப் பெயர், உடைமையாளர், விட்டுவந்த உறவினர் அனைத்தையும் குறித்துவைத்ததால். 1850-இல் தம் முன் உதவி கேட்டு வந்து நின்ற ஒருவரிடம் விசாரித்தபோது, அவர் தம் தாய் பிரிய நேர்ந்த மகன், தம் சொந்த அண்ணன் பீட்டர் என்று ஸ்டில் கண்டுகொண்டார். பிரிந்த குடும்பங்கள் ஒருநாள் சேர்வதற்கு எழுத்து உதவும் என்று அவர் உறுதியாக நம்பியது அதன் பிறகுதான். 1872-இல் அந்தக் குறிப்புகள் நூலாக வந்தன. ஒருபுறம் மனிதரை உடைமையாக எழுதிய ஆவணம். மறுபுறம் உறவாக எழுதிய ஆவணம். இரண்டையும் பொருத்தும்போதுதான் மேரிலாந்தின் ராஸ் குடும்பமும் ஆபர்னின் ஸ்டூவர்ட் குடும்பமும் ஒன்றே என்பது நிலைபெறுகிறது.

இப்படி எழுதினால் ஒரு வீராங்கனையின் பெருமை குறையாதா என்று சிலர் வருந்துவர். பிராட்ஃபோர்ட் எழுதிய 19 பயணங்கள், 300 பேர் என்ற எண்கள் உலகம் முழுவதும் பரவியவை. பெயர் பெயராகத் தேடிய லார்சனின் ஆய்வில் ஏறத்தாழ 13 பயணங்கள், 70 பேர் என்று அது சுருங்குகிறது. ஆனால் முந்நூறு என்பது முகமற்ற எண். எழுபதுக்குப் பின்னால் பெயரும் உறவும் ஊரும் இருக்கின்றன; ஒவ்வொருவருக்காகவும் அவர் எந்த ஆபத்தை ஏற்றார் என்று சொல்ல முடிகிறது. சொந்தக்காரரைத்தானே மீட்டார், இதில் பொதுநலம் எங்கே என்ற கேள்விக்கும் விடை உண்டு. குடும்பம் என்ற ஒன்று அவர்களுக்கு இருக்கவே கூடாது என்பதுதான் அந்த ஆட்சியின் அடித்தளம். திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை. பிள்ளைமேல் பெற்றோருக்கு உரிமை இல்லை. அத்தகைய ஆட்சியில் அண்ணனை அண்ணன் என்று சொல்லி மீட்பது அந்த அடித்தளத்தையே பிளக்கும் அரசியல் செயல். உறவினரோடு வந்த அயலாரையும் அவர் கைவிட்டதில்லை.

நேர்மையான கொடிவழி, தெரியாததையும் தெரியாததென்று வைத்திருக்கும். டப்மனின் முன்னோர் ஆப்பிரிக்காவின் அஷாந்தி மக்கள் என்ற வழக்கு உண்டு. அதை நிறுவவோ மறுக்கவோ சான்று கிடைக்கவில்லை. டப்மன் மேரிலாந்திலிருந்து அழைத்துவந்து தம் அண்ணன் மகள் என்று வளர்த்த மார்கரெட் ஸ்டூவர்ட் என்ற சிறுமியின் பெற்றோர் யார் என்பதும் தீரவில்லை. சொல்லப்பட்ட பெற்றோரைக் காட்டும் பதிவு அகப்படவில்லை. முகச்சாயல் ஒத்திருந்ததால் டப்மனின் சொந்த மகளாக இருக்கலாம் என்று கருதுவோர் உள்ளனர். முகச்சாயல் ஓர் ஊகத்துக்கு வழி செய்யும், உறவை நிறுவாது. ஊகத்தை உறுதியாக எழுதிவிட்டால், உயிலையும் செலவுக் கணக்கையும் வைத்து எழுப்பிய பகுதியும் நம்பிக்கையை இழக்கும். உறுதியானது, பெரிதும் வாய்ப்புள்ளது, திறந்திருப்பது என்ற மூன்றையும் தனித்தனியே காட்டுவதே இந்தத் துறையின் ஒழுக்கம்.

கொடிவழி தேடுவதே உயர்வு தாழ்வை நிறுவும் வேலை என்று ஐயுறுவோரின் கவலையை நான் அறிவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே அதற்குச் சான்றுண்டு. 1845-இல் பாஸ்டனில் மரபுவழி ஆய்வுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1890-இல் விடுதலைப் போர் வீரர்களின் வழிவந்த பெண்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்து, வம்சத்தை ஆவணத்தால் காட்டியவர்களையே சேர்த்துக்கொண்டது. பழம்பெருமையை நிறுவப் பயன்பட்ட அதே கருவி, மாடஸ்டியின் பெயரையும் ரிட்டின் மறைக்கப்பட்ட உரிமையையும் விற்கப்பட்ட மூன்று பெண்களையும் வெளிக்கொண்டுவரவும் பயன்பட்டது. யாருக்கு உயர்வு என்று கேட்கும் கொடிவழி சமூகத்தைப் பிரிக்கும். யாருக்கு என்ன இழைக்கப்பட்டது, அதை யார் எப்படி எதிர்த்தார்கள் என்று கேட்கும் கொடிவழி நீதிக்குச் சாட்சி சொல்லும். டப்மனைப் போற்ற விரும்பும் ஒவ்வொருவரும் அவருடைய துணிவோடு அவருடைய குடும்பத்தையும் படிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். பாடநூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் அந்த ஒன்பது மக்களின் பெயரையும், அவர்களுடைய தாயின், பாட்டியின் பெயரையும் முழுமையாக எழுத வேண்டும். அந்தத் துணிவு எங்கே பயின்றது, யாருக்காக உழைத்தது, எங்கே தோற்றது என்பதற்கான விடைகள் அந்தப் பெயர்களில்தான் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் சான்றுகளும் இன்று நம் கையில் இருக்கின்றன.